எலி கடிக்காத ஒயர்

ஏற்காட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன் என்று சொன்னால் கீழே சேலத்தில் என் மச்சான்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். "அங்க ஜன்னலைத் தொறந்து வெச்சாப் போதாதுங்களா?" என்பார்கள். மே மாதத்தில் ஒரு நாள் மதியம் கண்ணாடிச் சுவர் வைத்த புது பங்களா ஒன்றில் உட்கார வைத்தால் தானாகத் தெரிந்துகொள்வார்கள். மார்கழியில் அதே பங்களாவில் உட்கார வைத்தால் என்னிடம் மன்னிப்பும் கேட்பார்கள்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளி கேட்டார். என் சாதனைகளை எழுதுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. சாதனை எழுத ஒரு பக்கம் கூடத் தேறாது. சொதப்பியதை எழுதச் சொன்னால் நோட்டுப் புத்தகம் போதாது. கேஸ் பிரஷர் எவ்வளவு, காப்பர் பைப் எத்தனை அடி என்பதெல்லாம் பெட்டியின் பக்கவாட்டிலேயே ஒட்டியிருக்கிறது. அதைப் படிக்கக் கண் இருந்தால் போதும், நான் தேவையில்லை.

முதலில் சின்னதாக ஒன்று. சூடும் குளிரும் தருகிற மிஷின்கள் மலைக்கு வந்த புதிதில் ஒரு எஸ்டேட் பங்களாவில் மாட்டிவிட்டு வந்தேன். குளிர்காலத்தில் வெளிப்பெட்டியில் பனி படியும். அதை உருக்க மிஷின் சற்று நேரம் சூடு தருவதை நிறுத்திவிட்டு வெளியே புஸ்ஸென்று ஆவி விடும். அது அதன் சுபாவம். இதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வாட்ச்மேன் அந்த ஆவியைப் பார்த்துவிட்டு, தீப்பிடித்துக்கொண்டது என்று மூன்று வாளி மணலைப் பெட்டிக்குள் கொட்டிவிட்டார். நான் போய் நின்றபோது மனிதர் பெருமையாக, "அணைச்சுட்டனுங்க பாய்" என்றார். மிஷின் செய்யப்போவதை அது செய்யுமுன் நாம் சொல்லிவிட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அந்த மணலை நான் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் இரண்டு நாள் கூட்டினேன்.

இனி பெரிய கதை. இதை இதுவரை முழுதாக யாருக்கும் சொன்னதில்லை. பாதி சொல்லியிருக்கிறேன், எனக்குச் சாதகமான பாதி.

கிளியூர் போகும் வழியில் பழைய ஓட்டு வீடு ஒன்று. அதில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அண்ணன் தங்கவேல், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி காலமாகிவிட்டார். தங்கை மரகதம், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அப்பா விட்டுப்போன வீட்டில் கிழக்கு அறை அண்ணனுக்கு, மேற்கு அறை தங்கைக்கு, நடுவில் ஹால். இருவரும் பேசி எட்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் பழைய ஜீப்பைத் தங்கையிடம் சொல்லாமல் அண்ணன் விற்றுவிட்டாராம். ஜீப் ஓடாத ஜீப். ஓடாத ஜீப்புக்காக எட்டு வருடம் சண்டை ஓடியது.

பேச்சு இல்லையே தவிர ஒரே மேஜையில்தான் சாப்பிடுவார்கள். செம்மநத்தத்திலிருந்து வந்து சமையல் செய்யும் பாப்பாத்தி நடுவில் நிற்பார். "பாப்பாத்தி, அந்தப் பக்கம் இருக்கற ஊறுகாயை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் தங்கவேல் சார். ஊறுகாய் அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். டீச்சர் கேட்காத மாதிரி சாப்பிடுவார். பாப்பாத்தி அடுப்படியிலிருந்து வந்து அந்த ஒரு சாண் தூரத்தை நகர்த்திவிட்டுப் போவார்.

இவர்களுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தது தங்கவேல் சாரின் மகள், பெங்களூரில் இருப்பவர். சூடும் குளிரும் தருகிற வகை, வெளியே ஒரே பெட்டி, உள்ளே மூன்று. கிழக்கு அறைக்கு ஒன்று, மேற்கு அறைக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று. எங்கள் சேலத்து சூப்பர்வைசர் அந்த வீட்டு நிலவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரே வாக்கியத்தில் வியாபாரத்தை முடித்துவிட்டார். "ஆளுக்கொரு ரிமோட்டுங்க. யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்லை." அந்த வீட்டுக்கு அதைவிட இனிப்பான வார்த்தை கிடையாது.

மாட்டியது நான்தான். ஏப்ரல் மாதக் கடைசி. சீசனுக்கு முன் ஏரிக்கரை லாட்ஜ் ஒன்றில் வேலையை முடிக்கச் சொல்லி சூப்பர்வைசர் அரை மணிக்கு ஒரு தரம் போன் செய்துகொண்டிருந்தார். மூன்று அறைகளிலிருந்து மூன்று ஜோடி பைப்பும் மூன்று ஒயரும் வெளிச்சுவருக்கு வந்தன. ஒவ்வொரு ஒயரிலும் மார்க்கரால் கி, மே, ஹா என்று எழுதியிருந்தேன். ஒரு கோடை மழை அடித்தது. மூன்றும் மூன்று நீலக் கறைகளாகிவிட்டன. உள்ளே போய் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் பத்து நிமிடம் ஆகும். எனக்கு எதற்குப் பத்து நிமிடம்? இருபத்தைந்து வருட அனுபவம். கை தானாகப் போகும் என்று நினைத்தேன். கை தானாகத்தான் போனது, தப்பான இடத்துக்கு.

பிறகு டெஸ்ட். மூன்று ரிமோட்டையும் ஒன்றாக அழுத்தினேன். மூன்று அறையும் ஜில்லென்று ஆயின. டீச்சர் வந்து மிஷினுக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தார். "மூணும் சேர்ந்து ஓடுதுங்க. தனித்தனியா ஓடுதுங்களா பாய்?" என்று கேட்டார்.

"சேந்து ஓடறது தனியா ஓடாதுங்களா டீச்சர்?" என்று சிரித்துவிட்டு டூல்பாக்ஸைக் கட்டினேன்.

நாற்பது வருடம் கணக்கு நடத்தியவர் கேட்ட கேள்வி அது. எட்டாம் கிளாஸில் கணக்கில் முட்டை வாங்கியவன் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே மாதம் முதல் புகார் வந்தது. டீச்சர் கட்டில் மேல் தண்ணீர் சொட்டுகிறது. அவர் மிஷினைப் போடவே இல்லை, ஆனாலும் சொட்டுகிறது. போய்ப் பார்த்தேன். தண்ணீர் வெளியேறும் குழாயில் அடைப்பு இருக்கும் என்று சொல்லி ஊதிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் மறுபடியும் சொட்டியது. குழாயின் சரிவை மாற்றினேன். அதே வீட்டில் தங்கவேல் சாருக்கு இன்னொரு புகார். அவர் மிஷினில் காற்றுதான் வருகிறது, குளிர் வரவில்லை. அவர் மிஷினைப் போட்டேன். கையோடு மற்றதையும் பார்த்துவிடலாமே, நேரம் மிச்சமாகுமே என்று டீச்சருடையதையும் சேர்த்துப் போட்டேன். இரண்டும் குளிர்ந்தன. "நல்லாத்தானுங்க இருக்குது சார்" என்றேன். நான் வாசலைத் தாண்டியதும் டீச்சர் தன்னுடையதை நிறுத்தியிருப்பார். தங்கவேல் சாருடையது மறுபடி வெறும் காற்றாகியிருக்கும்.

மூன்றாம் முறை போனபோது டீச்சர் என்னை வெளியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஏனுங்க பாய், நா சொன்னா நம்பமாட்டீங்க. அவரு அவரோட ரிமோட்டை அமுக்கறப்பல்லாம் என்ற ரூம்ல தண்ணி சொட்டுதுங்க. வேணும்னே பண்றாரு."

வயதானவர், பாவம், சண்டை மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அவர் விடவில்லை. ஒரு நோட்டுப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதியிருந்தார். எந்த நாள், எத்தனை மணி, அவர் மிஷின் ஓடியதா, என் மிஷின் ஓடியதா, தண்ணீர் சொட்டியதா என்றெல்லாம் இருந்தது. "இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்றார். படிக்கிறேன் என்று வாங்கி வண்டிக்குப் போனேன். அன்று மத்தியானம் டிபன் கேரியரில் குழம்பு கசிந்தது. அதற்குக் கீழே வைக்க ஒரு காகிதம் தேவைப்பட்டது. மேற்கொண்டு சொல்ல வேண்டுமா?

பிள்ளைகளே, கஸ்டமர் பைத்தியக்காரத்தனமாக ஒன்றைச் சொன்னால் காரணத்தை விட்டுவிடுங்கள், நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "வேணும்னே பண்றாரு" என்பது அவருடைய கோபம். "அவர் ரிமோட்டை அமுக்கினால் என் அறையில் சொட்டுகிறது" என்பது நூற்றுக்கு நூறு சரியான கண்டுபிடிப்பு. கம்பெனி இன்ஜினியர் வந்திருந்தால்கூட அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க மாட்டார். நான் கோபத்தை மட்டும் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, கண்டுபிடிப்பைக் கோட்டை விட்டேன்.

அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தீரவில்லை, என்னை நம்புவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். டீச்சர் சேலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்து, வீட்டைப் பாகம் பிரிக்கச் சொல்லி அண்ணனுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டார். கட்டில் நனைந்ததுதான் கடைசி அடி. நோட்டீஸ் தபாலில் அதே வீட்டுக்கு வந்தது. பாப்பாத்தி கையெழுத்துப் போட்டு வாங்கி, சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாராம்.

டிசம்பரில் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு டீச்சரே போன் செய்தார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"பாய், அண்ணனுக்கு நிமோனியா. சேலத்து ஆஸ்பத்திரியில பத்து நாள் வெச்சிருந்து இன்னைக்குக் காலையிலதான் கூட்டியாந்தோம். ரூமைச் சூடா வெச்சிருக்கோணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மிஷினைப் போட்டா பச்சை லைட்டு எரியுது, காத்தே வர மாட்டேங்குது. நொம்ப நடுங்கறாருங்க. சீக்கிரம் வாங்க."

"அண்ணன்" என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை "அவரு"தான்.

பஜாரிலிருந்து கிளம்பும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. வண்டியின் முன் சக்கரம் தெரிந்தால் போதும் என்று ஓட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்குள் நுழைந்தால் வெளியைவிடக் குளிர். தங்கவேல் சார் கட்டிலில் மூன்று கம்பளிக்குள் கிடந்தார். மப்ளருக்கு மேல் மூக்கு மட்டும் தெரிந்தது. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கரி அடுப்பு வைக்கலாம் என்றால் புகை நெஞ்சுக்கு ஆகாது. கரண்ட் ஹீட்டரை வைத்துப் பார்த்தார்களாம். அந்தக் காலத்து ஒயரிங், வீடு முழுவதும் பியூஸ் போய்விட்டது. பாப்பாத்தியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரை ஹாலுக்குத் தூக்கிப் போய் அங்கிருக்கும் மிஷினைப் போட்டார்களாம். அது நன்றாகத்தான் ஓடியது, ஆனால் அந்த உயரத்து ஓட்டுக் கூரையில் சூடு மேலே போய் மலைக்குத்தான் சேர்ந்தது. டாக்டரைப் போனில் கேட்டதற்கு, மூச்சு இரைத்தால் மட்டும் கீழே கொண்டு வாருங்கள், இந்தக் குளிரில் சும்மா அலைக்க வேண்டாம் என்றாராம்.

மிஷினைப் போட்டேன். பச்சை லைட் எரிந்தது. விசிறி சுற்றவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். பெட்டி கொஞ்சம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது, நின்றது. என் மண்டையில் உடனே உதித்தது, கேஸ் லீக். அனுபவசாலிக்கு எதுவும் உடனே உதிக்கும், அதுதான் அவனுடைய வியாதி. கேஸை வெளியே விட்டு, லீக்கைக் கண்டுபிடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். அதற்கான பம்ப் சேலத்தில் இருந்தது. அதாவது கேஸைத் திறந்துவிட்டால் மறுநாள் மத்தியானம் வரை அந்த வீட்டில் எந்த மிஷினும் ஓடாது. அதெல்லாம் தெரிந்தும் ஸ்பேனரை எடுத்து வால்வு மூடியில் வைத்துவிட்டேன். ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. உள்ளே ஒரு மனிதர் நடுங்கும்போது வெளியே கையைக் கட்டி யோசித்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தில்தான் நம் தொழிலில் பாதி மிஷின்கள் சாகின்றன.

"கொஞ்சம் பொறுங்க பாய்" என்று பின்னால் குரல் கேட்டது. டீச்சர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் நின்றார். "என்ற ரூமு மிஷினு நிறுத்தித்தானுங்க இருக்குது. அது எதுக்குங்க கொதிக்குது?"

"எதுங்க?"

"வந்து தொட்டுப் பாருங்க."

போய்த் தொட்டேன். லைட் எரியவில்லை, விசிறி சுற்றவில்லை, ஆனால் மிஷினின் முதுகு இட்லிச் சட்டி மாதிரி சுட்டது. கையை இழுத்துக்கொண்டேன். பிறகு சொட்டின தண்ணீர், வெறும் காற்று, கிழித்துக் கொடுத்த நோட்டுப் பக்கம், மழையில் கரைந்த நீலக் கறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. வெளிப்பெட்டியில் கிழக்கு அறை ஒயரை மேற்கின் இடத்திலும், மேற்கு அறை ஒயரைக் கிழக்கின் இடத்திலும் கொடுத்திருந்தேன். அண்ணன் ரிமோட்டை அழுத்தினால் வெளிப்பெட்டி தங்கை அறைக்கு அனுப்புகிறது. கோடையில் குளிரை அனுப்பியது. ஓடாத மிஷினில் ஐஸ் கட்டி, உருகி, கட்டிலில் சொட்டியது. இப்போது சூட்டை அனுப்புகிறது. சூடு கேட்டால் உள்ளே பைப் சூடாகும்வரை மிஷின் விசிறியைச் சுற்ற விடாது, அதனால் அண்ணன் அறையில் காற்றே இல்லை. அங்கே விசிறி ஓடாததால் சூடு போக வழியில்லாமல் பெட்டி தானாக நின்றுவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி தெரியும். நான் ஒவ்வொரு தடவையும் இரண்டையும் ஒன்றாகத்தான் போட்டேன்.

"டீச்சர், உங்க ரிமோட்டையும் போடுங்க" என்றேன். போட்டார். சற்று நேரத்தில் கிழக்கு அறையில் விசிறி சுற்ற ஆரம்பித்தது. வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. பாப்பாத்தி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அந்தக் காற்றில் கையைத் தேய்த்துக்கொண்டு, "வந்திருச்சுங்க, வந்திருச்சுங்க" என்றார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். நோயாளிக்குச் சூடு கிடைத்துவிட்டது. உடனே வண்டியை எடுத்திருந்தால் நான்தான் ஹீரோ. ஹாலுக்கு வந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டு மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிட்டு ஒயரை மாத்திக் குடுத்துட்டு வந்துருங்க பாய். மலை வீட்டுல எலிக்கா பஞ்சம்?" என்றார்.

நான் நல்லவன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். திரும்பி டீச்சரைப் பார்த்து, "எலி வேலைங்க டீச்சர். ஒயரைக் கடிச்சு வெச்சிருக்குது" என்றேன். சொல்லும்போதே கையை வேறு எலிப் பல் மாதிரி வளைத்துக் காட்டினேன்.

"அப்படிங்களா? எந்த ஒயருங்க? வாங்க, காட்டுங்க" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வெளிப்பெட்டியின் மூடியைத் திறந்தேன். ஒயர்கள் புத்தம் புதிதாக, ஒரு கீறல் இல்லாமல் மின்னின. டீச்சர் டார்ச்சை ஒவ்வொரு ஒயராக நகர்த்தினார். பரீட்சைப் பேப்பரில் தப்பைத் தேடுகிற மாதிரி பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் டார்ச் என் முகத்துக்கு வந்தது.

"எலி நொம்ப நல்ல எலிங்க. கடிச்சுட்டு ஒட்டவும் வெச்சிருக்குது" என்றார்.

அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை. "எலி இல்லைங்க டீச்சர். நான்தானுங்க. மாட்டின அன்னைக்கே உங்க ரெண்டு ரூம் ஒயரையும் மாத்திக் குடுத்துட்டனுங்க. நீங்க அன்னைக்குத் தனித்தனியா ஓடுதான்னு கேட்டீங்க. நான் போட்டுப் பாக்கலை. நீங்க எழுதிக் குடுத்ததையும் படிக்கலைங்க."

அவர் உடனே திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மெதுவாக, "அப்ப அவரு வேணும்னு பண்ணலைங்களா?" என்று கேட்டார்.

"அவருக்குத் தெரியவே தெரியாதுங்க. அவரு ரூம் குளிராம இருந்ததுக்கும் இதுதான் காரணமுங்க."

"மழைக்காலம் பூரா அவரு ரூம்ல சூடும் வந்திருக்காதுங்களா?"

இந்தக் கேள்விதான் என்னை அடித்தது. அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை. ஐப்பசி, கார்த்திகை முழுதும் அந்த மனிதர் ரிமோட்டை அழுத்திவிட்டு, ஈரச் சுவருக்குள் பச்சை லைட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். "வந்திருக்காதுங்க" என்றேன். நிமோனியா அதனால்தான் வந்ததா என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

"வாங்க, அவருகிட்டச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"நீங்களே சொல்லிருங்களேன்..."

"தப்புப் பண்ணது யாருங்க?"

உள்ளே போனேன். பின்னாலேயே டீச்சரும் வந்தார். அந்த அறை வாசலைத் தாண்டி அவர் உள்ளே வந்தது எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று பாப்பாத்தியின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. கரண்டியும் கையுமாக வாயைப் பிளந்து நின்றார். தங்கவேல் சார் இப்போது மப்ளரை இறக்கியிருந்தார். நடுக்கம் குறைந்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, "மாட்டின அன்னைக்கு நீங்க என்னத்தைத்தானுங்க டெஸ்ட் பண்ணீங்க?" என்றார்.

"என் அறிவைங்க சார். பெயிலாயிருச்சு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. டீச்சர்தான் பேசினார். நேராகக் கட்டிலைப் பார்த்து, நடுவில் ஆள் இல்லாமல் பேசினார். "சூடு வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா?"

"சொன்னனே."

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"பாப்பாத்திகிட்ட. ரெண்டு தடவை சொன்னேன். நீ பதிலே சொல்லலை. சரி, வேணும்னுதான் நீ ஏதோ பண்ணி வெச்சிருக்கேன்னு நினைச்சு உட்டுட்டேன்."

இருவரும் பாப்பாத்தியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் மேலிருந்து கண்கள் வேறு பக்கம் போனதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது.

பாப்பாத்தி கரண்டியை இறக்கிவிட்டு, "நான் சொல்லலீங்கம்மா" என்றார். "நீங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்றதையெல்லாம் நான் அப்படியே சொன்னா இந்த ஊட்டுல கொலைதானுங்க உளும். உப்பு, ஊறுகாய் மட்டுந்தான் சொல்லுவனுங்க. மத்ததெல்லாம் நானே முழுங்கிருவேன். எட்டு வருசமா முழுங்கறனுங்க. எனக்கு வயித்து வலியே இதனாலதான்."

தங்கவேல் சாருக்குச் சிரிப்பு வந்து அது இருமலாக மாறியது. டீச்சர் ஓடிப்போய் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் தலையைத் தூக்கி, "அந்த நோட்டீஸு..." என்று ஆரம்பித்தார். "மொதல்ல இருமி முடிங்க" என்றார் டீச்சர். அது எனக்கான பேச்சு இல்லை என்று புரிந்ததால் டூல்பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

ஒயரை மாற்றிக் கொடுக்க எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. எட்டு மாதத்துக்கு முன்னால் மிச்சம் பிடித்த அதே பத்து நிமிடம். மூடியைப் போடப் போகும்போது டீச்சர் நோட்டும் பேனாவுமாக வந்துவிட்டார். கிழக்கு அறையை மட்டும் போடச் சொன்னார். சூடு வரும்வரை நின்று தொட்டுப் பார்த்து ஒரு டிக் போட்டார். அதை நிறுத்தச் சொல்லி மேற்கை மட்டும் போடச் சொன்னார். ஒரு டிக். பிறகு ஹால். ஒரு டிக். அதற்குள் கிழக்கு அறை ஆறிவிடக் கூடாதே என்று எனக்குப் பதற்றம். அவருக்கும் இருந்திருக்கும், ஆனாலும் ஒரு அறையைக்கூட விடவில்லை. மறுபடி கிழக்கைப் போட்டு, அது இருபத்துநாலு டிகிரிக்கு வரும்வரை என்னை அங்கேயே நாற்காலியில் உட்கார வைத்தார். பாப்பாத்தி காபி கொடுத்தார். எனக்குக் கொடுத்ததில் சர்க்கரை இல்லை. மறதியா, தண்டனையா என்று கேட்கவில்லை.

இப்போது வரும் சில பெட்டிகளில் ஒயர் மாறியிருக்கிறதா என்று சரிபார்க்க ஒரு பட்டன் இருக்கிறது. நல்ல விஷயம், அழுத்துங்கள். ஆனால் பட்டனை அழுத்திவிட்டு ஒவ்வொரு அறையாக நீங்களும் போட்டுப் பாருங்கள், மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு. நின்று, தொட்டுப் பார்த்து, அந்த அறையில் தூங்கப்போகிறவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். அவசரப்படுத்தி சூப்பர்வைசர் போன் செய்தால் எடுக்காதீர்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், ரிட்டையர் ஆன எனக்கு இனிமேல் வேலை போகாது.

சூப்பர்வைசருக்கு நான் எலிக் கதையைக் காப்பாற்றாதது பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் எனக்குப் பெரிய வேலை எதுவும் தரவில்லை, பிரிட்ஜ் கதவு ரப்பர் மாற்றத்தான் அனுப்பினார். பாப்பாத்தி வாயிலாக விஷயம் செம்மநத்தம் பஸ்ஸில் ஏறி பஜாருக்கு வந்து சேர்ந்தது. ஆறு மாதம் எல்லோரும் என்னை எலி பாய் என்றார்கள். கறிக்கடையில்கூட. ஒன்று மட்டும் நடந்தது. எலி பாயைத்தான் அனுப்ப வேண்டும், அவர்தான் தப்பை ஒத்துக்கொள்வார் என்று சில வீடுகளில் கேட்க ஆரம்பித்தார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்த ஆடி மாதம், சாரல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தங்கவேல் சார் போன் செய்தார். மிஷின் மறுபடி மக்கர் என்றார். உடனே வண்டியை எடுத்தேன். கேட்டைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து சண்டைச் சத்தம் கேட்டது. அண்ணன் குரல், தங்கை குரல், நடுவில் பாப்பாத்தி குரலே இல்லை. அவர் வராந்தாவில் உட்கார்ந்து நிம்மதியாக அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். "போங்க பாய், உள்ளதான் இருக்காங்க. எனக்கு இப்ப அந்த வேலை இல்லீங்க" என்றார்.

உள்ளே விஷயம் இதுதான். நிமோனியாவுக்குப் பிறகு அண்ணனுக்கு எப்போதும் குளிர்கிறது, அவருக்குச் சூடு வேண்டும். தங்கைக்கு மூடிய அறையில் புழுங்குகிறது, அவருக்குக் குளிர் வேண்டும். யார் முதலில் ரிமோட்டைப் போடுகிறார்களோ அவர்கள் கேட்டதைத்தான் மிஷின் தருகிறது, மற்றவருடையது சும்மா லைட்டைச் சிமிட்டுகிறது. இதை மாட்டிய அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மனிதன் ஒரே வீட்டில் எத்தனை தடவை தப்புச் செய்யலாம் என்பதற்குக் கணக்கே இல்லை.

"சார், டீச்சர், ரெண்டு பேரும் கேளுங்க" என்றேன். "இது பழுது இல்லைங்க. வெளிய இருக்கறது ஒரே பெட்டி. ஒரே நேரத்துல ஒருத்தருக்குச் சூடும் இன்னொருத்தருக்குக் குளிரும் அதால குடுக்க முடியாதுங்க. யாராச்சும் ஒருத்தரு உட்டுக் குடுக்கோணுமுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, ஒரே நேரத்தில், ஒரே குரலில் சொன்னார்கள்.

"அதெல்லாம் முடியாதுங்க."